பெட்டிக்குப் பொட்டு

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
22.1.1984

அன்புத் தங்கை மீனலோசனிக்கு,

அண்ணன் சபா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு அப்பாவின் முழங்கால் வலி. மற்றபடி மூவரும் சுகம். சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது கடையில் பழுதாகி வந்த ஆம்ப்ளிஃபயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு பட்டினி கிடக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய இரண்டு எக்கோ பெட்டிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. அப்பா பார்சலைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வானொலியோ?" என்றார். கிட்டார் சத்தத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பெட்டி என்றேன். "ஒருக்காக் கேக்கவே ஏலாமக் கிடக்கு. திருப்பியும் கேக்கோணுமோ?" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் அதே நாலு சுரம், அதே கிட்டார், அதே வயர். ஜப்பான் பெட்டி, ஊதா நிறம், சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று குமிழ். ஒரு சுரம் மீட்டினால் ஆறு முறை திரும்புகிறது. முதலாவது நான் வாசித்தது போலவே இருக்கிறது. மூன்றாவது கொஞ்சம் மங்கல். ஆறாவது, போர்வைக்குள் யாரோ முனகுவது போல வந்து அடங்கிவிடுகிறது. அமெரிக்கப் பெட்டி சாம்பல் நிறம், டிபன் கேரியர் கனம், நாலு குமிழ், பேட்டரியில் ஓடாது, சுவரில் சொருக வேண்டும். பத்து முறை திரும்புகிறது. இடைவெளியும் நீளமாக வைக்கலாம். ஆனால் பின்னாலேயே மழை தூறுகிற மாதிரி ஓர் இரைச்சல். மெல்லிசைக்குச் சரி, வேகமான பாட்டில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுகிறது. என் மனம் ஜப்பான் பெட்டியில்தான் இருக்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உன் முதலாளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

முடிவாகத் தெரிய ஒரு மேடை வேண்டும். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி கிள்ளானில் லெட்சுமி கல்யாணம். மத்தியான விருந்துக்கு எங்கள் இசைக்குழுதான். ஜெயராஜ் தன் தங்கை கல்யாணத்திலேயே கீபோர்டு வாசிக்கப் போகிறான், வேட்டியோடு.

அது முடிந்ததும் உன் விஷயத்தை அப்பாவிடம் எடுக்கிறேன். ஜெயராஜ் என் நண்பன், சுங்கை வே தொழிற்சாலையில் டெக்னீஷியன் என்றுதான் அவருக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொள்வது தெரியாது. தெரிந்தால் முதலில் "தோட்டத்து ஆக்கள்" என்பார். சொல்லட்டும். ஜெயராஜின் அப்பா சின்னையா மாமா, காப்பார் பக்கத் தோட்டத்தில் ரப்பர் மெஷினோடு இருபத்தெட்டு வருடம் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இந்தக் காலத்தில் நாம் யாழ்ப்பாணம், அவர்கள் தோட்டம் என்று என்ன பிரிவு என்று நான் அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்கத்தான் போகிறேன். இந்த வீட்டில் உனக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்பதை மறக்காதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன் கனகசபை


சிங்கப்பூர்,
5.2.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீனா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சத்தியம் செய்து சொல்லுங்கள். அப்பாவின் முழங்காலுக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் காது பரவாயில்லை. ஏன் மங்குகிறது என்று மட்டும் எழுதவில்லை, நான் சொல்கிறேன். பெட்டிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவோமே, அதுதான். உங்கள் சுரத்தை முதல் வாளியில் ஊற்றுகிறீர்கள், கை மாறி மாறிக் கடைசிக்கு வருவதற்குள் நேரம் ஆகிறது. அந்தத் தாமதம்தான் எக்கோ. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்துகிறது. அதனால்தான் ஆறாவது முறை போர்வைக்குள் முனகுகிறது. இப்போது டிஜிட்டல் பெட்டி வரத் தொடங்கியிருக்கிறது. அதில் சிந்தாது. நூறாவது முறையும் முதல் முறை மாதிரியே சொல்லும். எனக்குப் பிடிக்கவில்லை, மனிதர் பேசுவது போல இல்லை.

இரண்டு எச்சரிக்கை. எத்தனை முறை திரும்புவது என்பதற்கான மூன்றாவது குமிழை முழுக்கத் திருகாதீர்கள், பெட்டி தன் சத்தத்தையே தின்று ஊளையிடும். இன்னொன்று, கிட்டார் போகிற வழியில் மைக்கைச் சொருகாதீர்கள். உங்கள் குழுவில் எதையும் எதிலும் சொருகுவீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். விருந்தில் வாசிப்பதை யூனுஸ் அண்ணனிடம் சொல்லிக் கேசட்டில் பிடித்து அனுப்புங்கள். சவுண்டு அவர் பொறுப்புதானே. எது நல்ல பெட்டி என்று நானும் கேட்டுச் சொல்கிறேன்.

அப்பாவிடம் நீங்கள் பேசப் போகிற நாளை எனக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஜெயராஜ் அவர் வீட்டில் சொல்லிவிட்டார். நம் வீட்டிலிருந்து முறையாக அழைத்தால்தான் வருவார்களாம். தீபாவளிக்கு நான் வந்தபோது சின்னையா மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்மள மதிப்பாங்களாம்மா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கள் அண்ணாவை நாலு வருஷமாப் பார்க்கிறீங்களே, அவரைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எல்லோருக்கும் என் அன்பு.

தங்கை மீனா


பிரிக்பீல்ட்ஸ்,
29.2.1984

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. லெட்சுமி அரக்குப் பட்டில் அழகாக இருந்தாள். கூட்டம் முந்நூறுக்கு மேல். சாப்பாடு நன்றாக இருந்தது.

இரண்டு பெட்டிகளையும் இந்தப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு எதுவும் வேண்டாம். ஜப்பான் பெட்டியில் நடுக் குமிழைத் திருகினால் கரகரக்கிறது, தூசி போயிருக்கும். சுத்தம் செய்து முதலாளியிடம் கொடுத்துவிடு. கேசட் அனுப்ப முடியவில்லை. யூனுஸின் ரெக்கார்டர் டேப்பைத் தின்றுவிட்டதாம்.

ஒரு சந்தேகம். சீக்கிரம் அடங்குகிற பெட்டி எது? ஒரே ஒரு முறை மட்டும் திரும்பிவிட்டு நின்றுவிடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? அவசரமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அம்மா விசாரித்தாள்.

அண்ணன்


சிங்கப்பூர்,
14.3.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீனா எழுதுவது. சுகம். உங்கள் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம். கடிதத்தின் தலையில் சிவமயம் போட மறந்திருக்கிறீர்கள். பரீட்சைத் தாளில்கூடப் போட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர் நீங்கள்.

பெட்டியைத் திறந்தேன். தூசி இல்லை, அண்ணா. குங்குமம். மூடியின் மேல் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமப் பொட்டு. பொட்டிலிருந்து உதிர்ந்தது குமிழின் தண்டு வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருட ரிப்பேரில் கரப்பான் பூச்சி, காப்பி, ஒருமுறை பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். குங்குமம் இதுதான் முதல் தடவை. முதலாளி சீனர், அவருக்கும் காட்டினேன். அவரும் கடைக் கல்லாவுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுகிறவர்தானே, உடனே புரிந்துகொண்டார்.

யார் வைத்தது? நம் வீட்டில் யாருக்கும் அந்த எண்ணம் வராது. புதுச் சாமான், முதல் கச்சேரி என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் நல்ல மனசு. உள்ளே ஸ்பிரிட் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டேன், இப்போது கரகரப்பு இல்லை. மேலே இருக்கும் பொட்டைத் துடைக்க மனம் வரவில்லை. பெட்டியை முதலாளியிடம் கொடுக்கவும் இல்லை, நானே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே முறை திரும்புகிற பெட்டி வேண்டுமென்றால் மூன்றாவது குமிழைக் கீழே இறக்க வேண்டியதுதான். இது உங்களுக்குத் தெரியாதா? ஜனவரியில் பக்கம் பக்கமாக எழுதிய ஆள் ஏன் இப்போது எதுவும் வேண்டாம் என்கிறீர்கள்?

ஜெயராஜிடமிருந்து இரண்டே வரி வந்தது. வேலை அதிகம், மழை அதிகம் என்று. உங்களுக்குள் ஏதும் சண்டையா? அப்பாவிடம் பேசினீர்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
மீனா


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
12.4.1984

அன்புத் தங்கை மீனாவுக்கு,

உனக்கு எங்கள் எல்லோருடைய புத்தாண்டு வாழ்த்துகள். வீட்டில் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆபீசில் ஓவர்டைம். அதனால் ஒரு மாதமாகக் குழுவின் பயிற்சிக்கும் போகவில்லை. சண்டை ஒன்றுமில்லை.

நீ கேட்டதால் பெட்டிகளைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். ஜனவரியில் நான் சரியாக எடை போடவில்லை. ஜப்பான் பெட்டியின் சத்தம் மங்கலாக இருப்பதால் இதமாக இருக்கிறது என்று எழுதினேன். ஆனால் மங்கல் என்பதால் சத்தம் போய்விடுவதில்லை. சொல் தேய்கிறது, என்ன சொல் என்பது தேயவில்லை. அமெரிக்கப் பெட்டியில் இரைச்சல் இருந்தாலும் அந்த இரைச்சலுக்குள் எதுவும் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். ஜப்பான் பெட்டி அமைதியான பெட்டி, அதனால் ஏழு தடவையும் துல்லியமாகக் காதில் விழுகிறது. ஒரு மண்டபத்தில், பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால்தான் இது புரியும். அறைக்குள் வாசித்துப் பார்த்து முடிவு செய்தது என் தவறு. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டி எதுவும் இனி எனக்கு வேண்டாம். வெறும் கிட்டாரே போதும்.

அப்பாவுக்கு முழங்காலில் வீக்கம். நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறு.

அன்புடன்,
அண்ணன் கனகசபை


சிங்கப்பூர்,
3.5.1984

அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

ஜனவரியில் ஆறு முறை திரும்புகிறது என்று எழுதினீர்கள். ஏப்ரலில் ஏழு என்கிறீர்கள். சுரம் என்று எழுதியவர் சொல் என்று எழுதுகிறீர்கள். பொட்டு வைத்தது யார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நான் யூனுஸ் அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். அவருடைய ரெக்கார்டர் எதையும் தின்னவில்லை. கேசட் வந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்: "தங்கச்சி, கேக்கணும்னா தனியா இருக்கும்போது கேளும்மா."

தனியாகத்தான் கேட்டேன். பாட்டு முடிகிறது. கைதட்டல். பிறகு சின்னையா மாமாவின் குரல், "புதுச் சாமானா தம்பி? ஒரு நிமிஷம் இருங்க." ஏதோ உரசுகிற சத்தம், கரகரப்பு. மாமா, "ஆங், இப்ப வாசிங்க." அதற்குப் பிறகு நீங்கள்.

"எஸ்டேட் புத்தி."

நான் எண்ணினேன். ஏழு. முதல் தடவை உங்கள் குரல்தான், தப்பே இல்லை. போகப் போக மங்கி, கடைசித் தடவை அது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு ஜெயராஜ், "அண்ணே, அடுத்த பாட்டு." அவ்வளவுதான்.

மாமா கேட்ட கேள்விக்கு நான் உங்களைத்தான் பதிலாகக் காட்டினேன்.

மீனலோசனி


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
27.5.1984

மீனாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க உனக்கு மனம் வராது, நானும் சொல்லவில்லை. மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

அன்று காலையே மண்டபத்தின் எக்கோ மெஷின் வேலை செய்யவில்லை. மைக் மொட்டையாகக் கேட்கிறது என்று பாடகர் தம்புசாமி அலுத்துக்கொண்டார். நான்தான் பெரிய ஆள் மாதிரி, "இதுல சொருகுங்க" என்று உன் பெட்டியில் மைக்கைச் சொருகினேன். நீ வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் இருந்தது. நன்றாக இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தம்புசாமி தண்ணீர் குடிக்கப் போனார், அடுத்த பாட்டை நான் அறிவிக்க வேண்டும், மைக்கை என் பக்கம் இழுத்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் மாமா கையில் தட்டோடு வந்தார். குனிந்து, காலால் மிதிக்கிற அந்தப் பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் குமிழைத் தொட்டேன், கரகரத்தது. உன் முதலாளியின் பெட்டி, இரவல் சாமான், பாழாகிவிட்டதே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் திரும்பி இரண்டு அடி வைத்திருப்பார். நான் வாய்க்குள்தான் சொன்னேன். மைக் என் தாடைக்குக் கீழே இருந்தது.

பெட்டி ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதை மிதித்து நிறுத்தியிருக்கலாம். என் கால் அரை அடியில்தான் இருந்தது. நான் மிதிக்கவில்லை. பொட்டு வைத்த சாமான் மேல் காலை வைக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. சொல்லக் கூடாததைச் சொல்லும்போது தோன்றவில்லை, அதற்கு மட்டும் தோன்றியது. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

நான் அந்தச் சொல்லை எங்கும் போய்க் கற்கவில்லை. சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் அப்பா ஆபீஸ் பியூனைப் பற்றிச் சொல்லுவார், பால்காரனைப் பற்றிச் சொல்லுவார். நாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்திருக்கிறோம். ஆனால் அதை அப்பா மேல் போட்டுத் தப்பிக்க நான் வரவில்லை. முகத்துக்கு நேரே அவரை எதிர்த்துக் கேட்பேன் என்று எழுதிய கை இது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கச்சேரி முடிந்து நான் கிட்டாரைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். மாமா வாசலிலேயே நின்றார். "சாப்பிடாமப் போனா எப்படித் தம்பி?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய், இலை போட்டு, தானே பரிமாறினார். பாயசம் இரண்டு தடவை. நான் சாப்பிட்டேன், மீனா. தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் சாப்பிட்டேன்.

என்னை மன்னித்துவிடு.

அண்ணன்


சிங்கப்பூர்,
6.6.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், கோபத்திலும்.

மன்னிப்பை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். விலாசம் தப்பு. சிங்கப்பூருக்கு எழுதுவது சுலபம். கிள்ளானுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம், அங்கே நாலு மாதமாக நீங்கள் போகவில்லை.

ஜெயராஜ் போன வாரம் இங்கே வந்திருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. "உங்க வீட்டுக்கு எங்க அப்பாவ வாங்கன்னு எந்த வாயால கூப்பிடுறது மீனா? நீயே சொல்லு" என்றார். அவர் அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எங்கள் பேச்சையும் எடுக்கவில்லையாம். அவர்கள் வராமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஜெயராஜுக்கும் இல்லை. ஆகவே நடக்காமலே போகலாம். இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இதுதான் நிலைமை.

போங்கள். பழத்தட்டு, துணிமணி என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெறும் கையோடு போங்கள்.

மீனா


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
2.7.1984

அன்புத் தங்கை மீனாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவன் துணை. நேற்று கிள்ளானுக்குப் போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஜெயராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். அத்தை அடுக்களை வாசலில் நின்றார்கள். மாமா சட்டை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் பஸ்ஸில் வரும்போது அழகாக நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "மாமா, லெட்சுமி கல்யாணத்தன்னிக்கி மைக்குல நான் ஒண்ணு சொல்லிட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் காதுப் பக்கம் கையை வைத்துக்கொண்டார். "என்ன தம்பி சொன்னீங்க? மெஷின் சத்தத்துலயே இருந்த காது. அன்னிக்கு ஸ்பீக்கர்ல ஒண்ணும் விளங்கல" என்றார்.

அவர் கேட்கவே இல்லை, மீனா. முந்நூறு பேர் கேட்டதை அவர் ஒருவர் கேட்கவில்லை. நான் வராமலே இருந்திருந்தால் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒரு நிமிடம், "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் காதில் வைத்த கையை எடுக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். பட்டப்பகலில், அவர் வீட்டில், அவர் முகத்தைப் பார்த்து, அந்த இரண்டு சொல்லையும் சொன்னேன். நீங்கள் பெட்டிக்குப் பொட்டு வைத்ததற்கு அப்படிச் சொன்னேன் என்றும் சொன்னேன். அத்தை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். மைக் இல்லை, எக்கோ இல்லை, என் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை.

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "தோட்டத்துல புது மெஷின் வந்தா முதல்ல பொட்டு வச்சிட்டுத்தான் கை வைப்போம். எங்க சித்தப்பா ஒரு நாள் மறந்துட்டாரு, ரெண்டு விரல் போச்சு. உங்களுக்கு வாசிக்கிற விரலாச்சேன்னு வச்சேன்" என்றார். அப்புறம், "பெட்டி கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். இல்லை, மீனா சரி செய்துவிட்டாள் என்றேன். "அப்பச் சரி" என்று எழுந்துவிட்டார். காப்பி வந்தது. குடித்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்த கையோடு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் விஷயம், மண்டபம், என் வாய், கிள்ளான் போனது, எல்லாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "நான் அப்பிடிச் சொல்லேக்க நீ பக்கத்திலயோ இருந்தனீ?" என்று கேட்டார். இருந்தேன் அப்பா, நானும் மீனாவும் இருந்தோம் என்றேன். இன்று காலை பேப்பரைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். தெரியாத மனிதருக்குத் தெரிய வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நல்லது செய்தேனா, இன்னும் கெடுத்தேனா என்று தெரியவில்லை.

அண்ணன் கனகசபை


சிங்கப்பூர்,
30.7.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீனா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவையும், பேப்பரைப் பிரிக்காத அப்பாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அப்பா உங்களிடம் சொன்னாரோ இல்லையோ, சின்னையா மாமாவுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதியிருக்கிறார். போன வாரம் இங்கே வந்தபோது ஜெயராஜ் எனக்குப் படித்துக் காட்டினார். "தங்கள் குடும்பத்தார் எங்கள் இல்லத்துக்கு வருகை தந்தால் பெருமையடைவோம்" என்று தான் வேலை பார்த்த ரயில்வே ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி எழுதி, கீழே பதவி, ஓய்வு பெற்ற தேதியெல்லாம் போட்டிருக்கிறார். ஆவணி பிறந்ததும் வருகிறார்கள். நானும் லீவு கேட்டிருக்கிறேன்.

இனி உங்களுக்கு மட்டும். மாமாவுக்குக் காது விளங்காது என்று எழுதியிருந்தீர்கள். ஜெயராஜிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டில் ரேடியோ ஸ்டேஷன் ஒரு மயிரிழை விலகினாலும் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் உள்ளே வந்து சரி செய்துவிட்டுப் போவாராம். உங்கள் கிட்டாரில் இரண்டாவது கம்பி சுருதி இறங்கியிருந்ததை அந்தக் கல்யாணத்தன்று ஜெயராஜிடம் சொன்னதே அவர்தானாம்.

அவருக்கு நன்றாகக் கேட்கும், அண்ணா. அன்றும் கேட்டது. உங்களுக்கு இலை போட்டுப் பாயசம் ஊற்றியதும் கேட்ட காதோடுதான்.

நீங்கள் கிளம்பிய பிறகு, ஏன் கேட்காத மாதிரி இருந்தீங்கப்பா என்று ஜெயராஜ் அவரிடம் கேட்டாராம். "பெட்டி ஏழு தடவ சொல்லிச்சு. அந்தத் தம்பி ஒரு தடவ சொல்லட்டுமேன்னு இருந்தேன்" என்றாராம்.

ஜப்பான் பெட்டியை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். முதலாளியிடம் பேசி நானே எடுத்துக்கொண்டுவிட்டேன், அது இனி உங்களுடையது. மேலே இருக்கும் பொட்டு அப்படியே இருக்கிறது. அவர்கள் வருகிற அன்று கூடத்தில் வைத்து வாசியுங்கள். மைக்கை மட்டும் தூர வையுங்கள். அப்பாவின் தைலமும் அதே பார்சலில் இருக்கிறது.

அன்புத் தங்கை,
மீனா